சுமந்தவர்கள் சொல்லத் தொடங்கும்போது

(அரசியல் தொடர்பியல் படிக்கிற, படிக்க விரும்புகிற மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் பேராசிரியர் இல்லை. பகலில் வங்கி கவுண்டரில் சலானும் பாஸ்புக்கும் பார்க்கிற கிளார்க். ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். இந்தத் தலைப்பில் பேசுவதற்கு எனக்குப் பட்டம் கிடையாது. ஆனால் உங்களில் நாலைந்து பேர் இந்தப் படிப்பை எடுக்கலாமா வேண்டாமா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். 'இதைப் படிச்சு நம்ம சனத்துக்கு என்ன ஆகப்போவுது'ன்னு வீட்டில் கேட்கிறாங்க என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் புத்தகங்களைப் புரட்டினேன். கண்டதைச் சொல்கிறேன்.

இந்தத் துறையில் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே ஒரு பெயரைச் சொல்வார்கள். ஹெரால்ட் லாஸ்வெல். அமெரிக்காக்காரர். முதல் உலகப்போரில் நாடுகள் எப்படிப் பிரச்சாரம் செய்தன என்று ஆராய்ந்து 1927இல் நூல் வெளியிட்டவர். 1948இல் ஒரு கட்டுரையில் தொடர்பியலை ஐந்து கேள்வியாகப் பிரித்தார். யார் சொல்கிறார், என்ன சொல்கிறார், எந்த வழியாகச் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், என்ன விளைவு? இந்த ஐந்து கேள்வியை வைத்துத்தான் இன்றும் பாடம் தொடங்குது. நாமும் இதையே எடுத்துக்கொள்வோம். ஆனால் சேரியிலிருந்து கேட்டுப் பார்ப்போம். வரிசையை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன்.

எந்த வழியாக?

பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி, இப்போது கைபேசி. பாடநூல் சொல்லும் வழிகள் இவை. நம்ம ஊரில் இதற்கெல்லாம் முன்னால் ஒரு வழி இருந்தது. தண்டோரா. ஏரி மதகு திறக்கப்போறாங்க, தீர்வை கட்டக் கடைசி நாள், ஊர்க்கூட்டம் இன்ன கிழமை. எல்லாவற்றையும் தெருத்தெருவாகப் பறையடித்துச் சொன்னவன் யார்? நம்ம தாத்தா. விரும்பிச் செய்த தொழில் இல்லை, ஊர் சுமத்திய வேலை. தோளில் பறை நம்முடையது, தொண்டை நம்முடையது, நடந்த கால் நம்முடையது. சொல் மட்டும் மணியக்காரருடையது. எந்தக் கூட்டத்துக்கு வரச்சொல்லி அவர் தண்டோரா போட்டாரோ அந்தக் கூட்டத்தில் உட்கார அவருக்கு இடமில்லை.

லாஸ்வெல்லின் கணக்கில் நாம் 'யார்' என்ற இடத்திலும் இல்லை, 'யாருக்கு' என்ற இடத்திலும் இல்லை. நாம் 'வழி'. ஒரு மனிதக் கூட்டத்தையே ஊடகமாக்கி வைத்திருந்த சமூகம் இது. 2022 ஆகஸ்டில்தான் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் தண்டோரா போடும் முறையைக் கைவிடச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒலிபெருக்கி வந்து எத்தனை காலம் கழித்து என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். கருவி இல்லாததால் நடந்த வழக்கம் அது இல்லை என்பது இதிலேயே தெரியுது.

யார் சொல்கிறார்?

1996இல் தில்லியில் நடந்ததைக் கேளுங்கள். கன்ஷிராம் ஒரு தொலைக்காட்சி நிருபரை அறைந்துவிட்டார். பத்திரிகையாளர்கள் திரண்டு கண்டித்தார்கள். அப்போது வாஷிங்டன் போஸ்டின் நிருபராகத் தில்லியில் இருந்தவர் கென்னத் கூப்பர். கறுப்பினத்தவர். இதுபற்றி ஒரு தலித் பத்திரிகையாளரின் கருத்து வேண்டும், யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று பி.என்.உனியால் என்ற மூத்த பத்திரிகையாளரைக் கேட்டார். உனியாலுக்கு ஒருவரையும் தெரியவில்லை. சரி, தேடிப் பார்ப்போம் என்று மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற 686 பத்திரிகையாளர்களின் பட்டியலை எடுத்தார். 454 பேர் பெயரோடு மேல்சாதிப் பட்டம் இருந்தது. மீதி 232 பேரில் 47 பேரைத் தொடர்புகொண்டு கேட்டார். ஒருவரும் தலித் இல்லை. 1996 நவம்பரில் பயனியர் நாளேட்டில் இதை எழுதினார். முப்பது வருடம் அந்தத் தொழிலில் இருந்தவருக்கு அந்தக் கேள்வி அதுவரை தோன்றவில்லை. அடுத்த கண்டத்திலிருந்து ஒரு கறுப்பர் வந்து கேட்க வேண்டியிருந்தது.

பத்து வருடம் கழித்து, 2006இல், அனில் சமடியாவும் யோகேந்திர யாதவும் ஜிதேந்திர குமாரும் தில்லியில் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்திலிருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். தலித்தோ ஆதிவாசியோ ஒருவர்கூட இல்லை. 2019இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து எடுத்த கணக்கில் 121 தலைமைப் பொறுப்புகள். அதில் 106 பேர் மேல்சாதியினர். தலித், ஆதிவாசி மறுபடியும் பூஜ்யம். 1996, 2006, 2019. இடையில் இருபத்துநாலு மணிநேரச் சேனல் வந்தது, இணையம் பரவியது. பூஜ்யம் மட்டும் அசையவில்லை.

கூப்பருக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்க. அமெரிக்காவில் 1967இல் நகரங்கள் பற்றியெரிந்தபோது அதிபர் ஜான்சன் ஒரு ஆணையம் வைத்தார். கெர்னர் ஆணையம். 1968இல் வந்த அதன் அறிக்கையில் பத்திரிகைகளுக்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கு. செய்தித் துறையின் ஆசிரியர் குழுப் பணிகளில் கறுப்பர் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு, பொறுப்பாசிரியர், மேற்பார்வையாளர் நிலையில் ஒன்றுக்கும் குறைவு என்று அந்த அறிக்கை எழுதியது. வெள்ளையன் கண்ணால் மட்டும் நாட்டைப் பார்க்கிறீர்கள் என்று அரசு ஆணையமே குற்றம் சாட்டியது. அப்புறம் 1978இல் அந்நாட்டுப் பத்திரிகை ஆசிரியர் சங்கம், 2000ஆம் ஆண்டுக்குள் மக்கள்தொகை விகிதத்துக்குச் சமமாகச் சிறுபான்மையினரைச் சேர்ப்போம் என்று இலக்கு வைத்தது. இலக்கை எட்டவில்லை. ஆனால் வருடாவருடம் எண்ணினார்கள். எண்ணியதால் வெட்கப்பட முடிந்தது. இங்கே எண்ணுவதே சாதியம் என்கிறான்.

அதே 1968. வட கரோலினாவில் சேப்பல் ஹில் என்ற ஊரில் மெக்கோம்ஸ், ஷா என்ற இரண்டு ஆய்வாளர்கள், யாருக்கு ஓட்டு என்று முடிவெடுக்காத 100 வாக்காளர்களைப் பேட்டி கண்டார்கள். எது முக்கியப் பிரச்சினை என்று பத்திரிகை வரிசைப்படுத்துதோ அதே வரிசைதான் வாக்காளர் மனதிலும் இருக்கு என்று 1972இல் வெளியிட்டார்கள். நிகழ்ச்சிநிரல் கோட்பாடு என்று இதைப் படிப்பீர்கள். நல்ல கோட்பாடு. கெர்னர் அறிக்கையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நாட்டின் நிகழ்ச்சிநிரலைப் பத்திரிகை எழுதுது, பத்திரிகைக்குள்ளே நாம் இல்லை. அப்போ நம்ம பஞ்சமி நிலம் எந்த வரிசையில் வரும்? மலக்குழிச் சாவு எத்தனையாவது பக்கத்தில் வரும்?

என்ன சொல்கிறார்?

இதற்குப் பெரிய ஆய்வு வேண்டாம். நாளேட்டை எடுங்க. 'இரு தரப்பினர் மோதல், முன்விரோதம் காரணம், அமைதிப் பேச்சுவார்த்தைக்கு ஏற்பாடு.' எத்தனை முறை படித்திருப்போம்!

ராபர்ட் என்ட்மேன் என்பவர் 1993இல் ஒரு கட்டுரை எழுதினார். சட்டகமிடல் பற்றியது. ஒரு செய்திச் சட்டகம் நாலு வேலை செய்யும் என்றார். பிரச்சினை என்னவென்று வரையறுக்கும், காரணத்தைக் காட்டும், அறத் தீர்ப்பு சொல்லும், பரிகாரம் பரிந்துரைக்கும். இப்போ நம்ம தலைப்பைப் பொருத்திப் பாருங்க. 'மோதல்' என்பது பிரச்சினையின் வரையறை. இரண்டு பக்கமும் சமபலம் இருந்தால்தானே மோதல்? ஒரு பக்கம் வீடு எரியுது, மறுபக்கம் தீப்பெட்டி இருக்கு. இது மோதலா? 'முன்விரோதம்' என்பது காரணம். சாதி காரணமில்லை, இரண்டு ஆட்களுக்குள்ளே ஏதோ பழைய பகை. 'இரு தரப்பினர்' என்பது அறத் தீர்ப்பு. ரெண்டு பேர் மேலயும் தப்பு. 'அமைதிப் பேச்சுவார்த்தை' பரிகாரம். கைது இல்லை, வழக்கு இல்லை, இழப்பீடு இல்லை. அடித்தவனும் அடிபட்டவனும் தாசில்தார் அலுவலகத்தில் ஒன்றாகக் கையெழுத்துப் போட வேண்டியது.

இதற்குச் சட்டத்தில் ஒரு சொல் இருக்கு. வன்கொடுமை. 1989ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த சொல். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தச் சொல் செய்தியறைக்குள் வரத் தயங்குது. ஒரு சொல்லைத் தவிர்த்தால் ஒரு சட்டத்தையே தவிர்த்துவிடலாம். சட்டகமிடல் என்ற பாடத்தை அமெரிக்க எடுத்துக்காட்டோடு மட்டும் படித்துத் தேர்வு எழுதினால் மதிப்பெண் வரும். இந்த எடுத்துக்காட்டோடு படித்தால்தான் படிப்பு.

யாருக்குச் சொல்கிறார்?

1940 அமெரிக்கத் தேர்தலில் ஓஹியோ மாநிலத்து எரி என்ற மாவட்டத்தில் லாசர்ஸ்ஃபெல்டும் அவர் குழுவும் 600 பேரை மே தொடங்கி நவம்பர் வரை திரும்பத் திரும்பப் பேட்டி கண்டார்கள். 1944இல் நூலாக வந்தது. வானொலியும் பத்திரிகையும் நேரடியாக ஓட்டை மாற்றியது குறைவு. செய்தியைக் கவனிக்கிற சிலர் இருக்காங்க, அவர்கள் சொல்லித்தான் மற்றவர்களுக்குப் போகுது என்று கண்டார்கள். கருத்துத் தலைவர்கள், இருபடிப் பாய்வு என்பார்கள்.

இதை அப்படியே இந்தியக் கிராமத்தில் கொண்டுவந்து பொருத்தி, ஊர்ப் பெரியவரைக் கருத்துத் தலைவர் என்று எழுதிவிட முடியாது. எரி மாவட்டத்தில் கருத்துத் தலைவர் ஒவ்வொரு தொழிலிலும் ஒவ்வொரு தட்டிலும் இருந்தார். கூடவே வேலை செய்கிற ஆள். அவர் பேச்சைக் கேட்காவிட்டால் நட்பு கொஞ்சம் கசக்கும், அவ்வளவுதான். நம்ம ஊர்ப் பெரியவர் பேச்சைக் கேட்காவிட்டால் கூலி போகும், வரப்பில் நடக்க முடியாது, கடையில் அரிசி கிடைக்காது. இதற்குப் பேர் கருத்தா? கட்டளை. கட்டளையைக் கருத்து என்று எழுதுகிற ஆய்வு ஆதிக்கத்துக்குத் துணைபோகிற ஆய்வு. நம்மிடையே உண்மையான கருத்துத் தலைவர்கள் வேறு ஆட்கள். முதல் தலைமுறை ஆசிரியை, தபால்காரர், துப்புரவுத் தொழிலாளர் சங்கத்து அக்கா, நூறுநாள் வேலையில் கணக்குக் கேட்கிற பெரியம்மா. இவர்களை யாரும் இன்னும் சரியாக ஆராயவில்லை.

என்ன விளைவு?

எலிசபெத் நோயெல்-நொய்மான் என்ற ஜெர்மானியப் பெண்மணி 1974இல் மௌனச் சுழல் என்ற கோட்பாட்டைச் சொன்னார். தன் கருத்து சிறுபான்மைக் கருத்து என்று உணர்கிறவன், தனிமைப்பட்டுப்போவோம் என்று பயந்து வாயை மூடிக்கொள்கிறான். அவன் மூட மூட அந்தக் கருத்து இன்னும் சிறுத்துப் போகுது என்றார். இதே அம்மையார் இளம் வயதில் நாஜிகளின் 'தாஸ் ரைஷ்' வார இதழில் எழுதியவர் என்பது 1991இல் பெரிய சர்ச்சையானது. கோட்பாட்டைப் படிக்கும்போது ஆளையும் சேர்த்துப் படியுங்கள்.

நம்ம மௌனம் இந்தக் கோட்பாட்டுக்குள் அடங்குமா? 1996இல் மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருடம் முறையான தலைவர் வர முடியவில்லை. மனுப்போட ஆள் வரவில்லை, அல்லது நிறுத்தப்பட்ட ஆள் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்தார். 2006 அக்டோபரில்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. அந்தப் பத்து வருடமும் 'யாரும் மனுத்தாக்கல் செய்யவில்லை' என்றே செய்தி வந்தது. செய்யவில்லையா, செய்யவிடவில்லையா? அதே மாவட்டத்தில் மேலவளவில் முருகேசன் மனுப்போட்டார், ஜெயித்தார், தலைவரானார். 1997 ஜூன் 30ஆம் தேதி ஐந்து பேரோடு சேர்த்து வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தப் பகுதி மக்கள் அதற்குப் பிறகு பேசாமல் இருந்தால் அது தனிமைப்படும் பயமா? அது உயிர்ப்பயம். ஜெர்மனியில் செய்த கணக்கெடுப்பில் இந்தப் பயத்துக்குக் கட்டம் இல்லை.

இன்னொன்று சொல்றேன், இதை யாராவது ஆய்வாக எடுத்தால் நல்லது. ரகசிய வாக்கு என்கிறோம். மின்னணு இயந்திரம் வந்தபிறகு ஒவ்வொரு பூத்திலும் யாருக்கு எத்தனை என்று படிவம் 20இல் பதிவாகி வெளியே வருது. சேரிக்குத் தனி பூத் என்றால், சேரி யாருக்குப் போட்டது என்பது மறுநாளே ஊருக்குத் தெரியும். தனி மனிதன் ஓட்டு ரகசியம், தெரு ஓட்டு பகிரங்கம். வாக்குச்சீட்டுக் காலத்தில் பல பூத் சீட்டுகளைக் கலந்து எண்ணுவதற்கு விதி இருந்தது. இயந்திரங்களையும் அப்படிச் சேர்த்து எண்ண டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்தது. 2015இல் சட்ட ஆணையமும் ஆதரித்தது. நடைமுறைக்கு வரவில்லை. தேர்தல் முடிவும் ஒரு செய்திதான் தோழர்களே. அது யாருக்குப் போகுது, போய் என்ன விளைவு உண்டாக்குது என்று கேட்பதும் அரசியல் தொடர்பியல்தான்.

அப்படியானால் நாம் எப்போதும் வெறும் வழியாகவே இருந்தோமா? இல்லை. இதை உங்கள் பாடத்திட்டம் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்ல வேண்டும். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயரை வசையாக எறிந்தார்களோ அதையே எடுத்து 'பறையன்' என்று தலைப்பில் போட்டார். தாத்தாவின் தோளில் தொங்கிய பறை அச்சுக்கு வந்த வருடம் அது. 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். விலையையே பெயராக வைப்பது ஒரு தொடர்பியல் கொள்கை. யாருக்காக அச்சடிக்கிறோம் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுது. 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கினார். கோலாப்பூர் சாகு மகாராஜா 2,500 ரூபாய் கொடுத்தார். திலகரின் கேசரி, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது. அப்புறம் 1927இல் 'பகிஷ்கிருத பாரத்', 1930இல் 'ஜனதா', 1956இல் 'பிரபுத்த பாரத்'. அரசியல் சட்டம் எழுதிய கை, அதற்கு முன்னும் பின்னும் பத்திரிகை நடத்திய கை.

எனக்கு நெருக்கமான உதாரணம் கன்ஷிராம். 1978இல் பாம்செஃப் அமைப்பைத் தொடங்கியபோது அவர் யாரை நம்பினார்? என்னைப் போன்ற கிளார்க்குகளை, தபால், ரயில்வே ஊழியர்களை. பெரிய பத்திரிகை அவருக்கு இல்லை, சேனல் இல்லை. சொந்தமாகச் சிறு இதழ்கள் நடத்தினார். 1983இல் சைக்கிளில் ஊர் ஊராகப் போனார்கள். 1984இல் கட்சி. 2007இல் உத்தரப் பிரதேசத்தில் 403இல் 206 இடம் பெற்று தனிப் பெரும்பான்மை. அந்த எழுச்சியைப் பெரிய ஊடகம் கட்டவில்லை. சம்பளக்காரர்கள் கொடுத்த காசும், சைக்கிளும், வாய்ப்பேச்சும் கட்டின. இது பாடநூலில் ஒரு அத்தியாயமாக வேண்டாமா?

தமிழ்நாட்டைப் பற்றி நல்ல நூல்கள் இல்லாமலில்லை. எம்.ஜி.ஆர். பிம்பம் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதினார். திராவிட இயக்க மேடைத்தமிழ் பற்றி பெர்னார்ட் பேட்டின் நூல் 2009இல் வந்தது. தேடிப் படியுங்கள். திரையையும் மேடையையும் அவை நன்றாகவே காட்டுகின்றன. மேடைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, திரும்பிப் போகிற வழியில் சேரிச் சனம் என்ன பேசிக்கொண்டது என்பது எழுதப்பட வேண்டிய நூல். அதை வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

இப்போ வீட்டுக் கேள்விக்கு வருவோம். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? கிடைக்கும். அங்கேதான் எச்சரிக்கை வேணும். இன்றைக்கு இந்தப் படிப்புக்குக் கட்சிகளின் சமூக ஊடகப் பிரிவிலும் தேர்தல் ஆலோசனை நிறுவனங்களிலும் வேலை இருக்கு. அங்கே உங்களுக்குக் கொடுக்கப்படும் முதல் வேலை பூத் வாரியாகச் சாதிக் கணக்கு எடுப்பதாக இருக்கலாம். நம்ம தெருவுக்குள் போக நம்ம பையன்தான் வசதி என்று அனுப்புவார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், வாயில் யாரோ எழுதிக் கொடுத்த வாசகம். சம்பளத்தோடு போடுகிற தண்டோரா. வேலை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மாதச் சம்பளத்தின் அருமை எனக்குத் தெரியும். எழுதிக் கொடுக்கிற இடத்துக்கு எத்தனை வருடத்தில் போவீர்கள் என்று சேருகிற அன்றைக்கே கேளுங்கள்.

அதனால் படியுங்கள் என்றே சொல்கிறேன். படிக்கும்போதே சில வேலைகளைக் கையில் எடுங்க. பட்ட ஆய்வுக்கு ஆகும், இயக்கத்துக்கும் ஆகும்.

ஒன்று, உங்கள் மாவட்டத்தில் ஒரு வருடத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவான வழக்குகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்க. அதே வருடத்து நாளேடுகளை நூலகத்தில் புரட்டுங்க. எத்தனை வழக்கு செய்தியானது, எத்தனை தலைப்பில் 'மோதல்' வந்தது, எத்தனையில் 'வன்கொடுமை' வந்தது என்று எண்ணுங்கள்.

இரண்டு, 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். உங்கள் ஊரில் பெயர்ப்பலகை, பஸ் டிக்கெட், ரேஷன் அட்டை, கல்யாணப் பத்திரிகை இந்த நாலிலும் என்ன மாறியது என்று பதிவு செய்யுங்க.

மூன்று, என் கவுண்டரிலிருந்து ஒன்று. தாட்கோ கடன், மானியம் பற்றிய அறிவிப்பு எந்தத் தாளில், எந்த மொழியில், எந்தப் பலகையில் வருது, சேரிக்கு எத்தனை நாள் கழித்துத் தெரியுது என்று பாருங்க. கடைசித் தேதி முடிந்தபின் வந்து நிற்கிற முகங்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'யாரும் சொல்லலியே சார்' என்பார்கள். அந்த வாக்கியத்தில் ஒரு முனைவர் பட்டத்துக்கான விஷயம் இருக்கு.

நாலு, தண்டோரா போட்ட பெரியவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களைப் பதிவு செய்யுங்கள். எதைச் சொல்லச் சொன்னார்கள், எதைச் சொல்ல மறுத்தார், மறுத்தபோது என்ன நடந்தது என்று கேளுங்கள்.

ஆங்கிலம் தடையாக இருந்தால் குழுவாக உட்கார்ந்து படியுங்க. ஆளுக்கு ஒரு கட்டுரையைத் தமிழில் சுருக்கி எழுதி, படியெடுத்துச் சுற்றுக்கு விடுங்க. இதுபோன்ற சிற்றிதழ்கள் அவற்றை அச்சிடக் காத்திருக்கின்றன. அடுத்த கூட்டத்துக்கு முதல் கணக்கெடுப்பை யார் கொண்டுவருகிறீர்கள் என்று இப்போதே பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். ஜெய்பீம்.